பாத்ரூம் சுவரும் பேலன்ஸ் ஷீட்டும்

செமஸ்டர் முடிஞ்சு ஒரு வாரமா சும்மாவே இருக்கேன். போன தடவை தேய்மானக் கணக்கு பற்றி எழுதினதை வகுப்பில் நாலு பேர்தான் படிச்சாங்க (அதில் ரெண்டு பேர் என் பெஞ்ச்). அதனால இந்த முறை எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு விஷயம். பாத்ரூம் சுவர். சிரிக்காதீங்க, இதில் எங்க வீட்டுப் பணமும் போச்சு, அப்பாயி இடுப்பும் போயிருக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பாத்ரூம் சுவருக்கு பிவிசி பேனல் போடறது தப்பில்லை. சுவரில் இருக்கிற நோயை மறைக்கறதுக்காகப் போடறதுதான் தப்பு. அந்தத் தப்பை செஞ்சது நான்தான்.

எங்க வீடு கும்பகோணத்தில், தாத்தா காலத்து வீடு. ஒரே பாத்ரூம். அதன் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாயி படுக்கிற அறை. பல வருஷமா பாத்ரூம் சுவரில் ஓதம். பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரியும், உப்பு பூக்கும், கை வச்சா பூச்சு உதிரும். அப்பா டைல்ஸ் ஒட்டலாம்னார். கொத்தனார் வந்து பார்த்துட்டு, "பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுக்கணும் தம்பி, பத்து நாளாவது ஆவும்"னார். இருக்கிறது ஒரே பாத்ரூம், அப்பாயிக்கு எழுபத்தெட்டு வயசு. பத்து நாள் எங்கே போவாங்க?

அப்போதான் நான் புகுந்தேன். "அப்பா, பேனல் போட்டா ரெண்டே நாள். கொத்த வேண்டாம், தூசி இல்லை. சதுர அடிக் கணக்கும் டைல்ஸை விடக் கம்மி." வணிகவியல் படிக்கிற பையன் கணக்கு சொன்னா அப்பா நம்பத்தானே செய்வார்?

முதல் பாடம் அந்தக் கணக்கிலேயே இருந்தது. பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. சுற்றளவு 24 அடி. கதவு இரண்டரை அடியைக் கழிச்சா இருபத்தொண்ணரை அடி, அதாவது 258 அங்குலம். கடையில் எங்களுக்குக் காட்டின பேனல் 10 அங்குல அகலம், 10 அடி நீளம். ஆக 26 பேனல் வேணும். நாங்க 7 அடி உயரம் போதும்னு முடிவு பண்ணினோம். அப்போ ஒவ்வொரு பேனலிலும் 3 அடி வெட்டி வீண். சுவரில் ஏறினது சுமார் 150 சதுர அடி, காசு கொடுத்தது சுமார் 217 சதுர அடிக்கு! சதுர அடி 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா, உண்மையில் 144 ரூபாய் ஆகுது. இதில் இன்னொரு வேடிக்கை. எங்க பாத்ரூம் கூரை 10 அடி உயரம். கூரை வரைக்கும் போட்டிருந்தா கதவுக்கு மேல வர்ற துண்டுக்கு இன்னும் ஒரே ஒரு பேனல்தான் கூடுதல். வாங்கப் போறதுக்கு முன்னாடி சதுர அடியை விட்டுட்டு எத்தனை பேனல்னு எண்ணுங்க. (காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'இயல்பான சேதாரம்' எழுதி மார்க் வாங்கினவன் நான். எதுக்குப் படிச்சேன்னு தெரியலை.)

சரி, பேனல் ஏறிடுச்சு. ரெண்டு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிஞ்சுது. வெள்ளை வெளேர்னு பளபளன்னு இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை எல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

ஐப்பசி மழை முடியறதுக்குள்ள அப்பாயி அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறிடுச்சு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் லேசாத்தான் இருந்தது. காரணம் ரொம்ப எளிமை. சுவருக்குள்ள இருக்கிற ஈரம் எங்கேயாவது காத்துபட்டு ஆவியாகணும். முன்னே பாத்ரூம் பக்கமாப் போயிட்டிருந்தது. நான் அதை பிளாஸ்டிக் போட்டு அடைச்சுட்டேன். அது அப்பாயி பக்கமாத் திரும்பிடுச்சு. நாத்தம் வேற. அப்பாயி ரெண்டு நாள் பொறுத்துட்டு, "ஏந்தம்பி, உள்ள எதுவும் எலி செத்துக் கிடக்குதா?"ன்னாங்க.

அதை விடப் பெரிசு கைப்பிடி. அப்பாயி எழுந்திருக்கப் பிடிச்சுக்கன்னு ஒரு ஸ்டீல் கம்பி மாட்டச் சொல்லியிருந்தோம். வேலைக்கு வந்தவர் அதைப் பேனலிலேயே ஸ்க்ரூ போட்டு நிறுத்திட்டார். இந்தப் பேனல் உள்ளே கூடு மாதிரி வெறும் அறை அறையா இருக்கும், ஆள் எடையைத் தாங்காது. ஸ்க்ரூ பின்னாடி இருக்கிற செங்கல் வரைக்கும் போயிருக்கணும். நான் பக்கத்திலேயே நின்னு போன் நோண்டிட்டு இருந்தேன். ஒரு நாள் காலையில் கம்பி பேனலோட பிய்ஞ்சு கையோட வந்துடுச்சு. நல்லவேளை, கீழே ஸ்டூல் இருந்தது, அப்பாயி அதிலேயே உட்கார்ந்துட்டாங்க. சத்தம் கேட்டு ஓடினா, கம்பியைக் கையில் வச்சுக்கிட்டு, "இந்தா, ஒன் பேனலு"ன்னு நீட்டினாங்க. இன்னிக்கும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகலை.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செஞ்சோம். பேனலைக் கழட்டினா உள்ளே கறுப்பா பூஞ்சை. சட்டத்துக்கு வச்சிருந்த மரச்சட்டம் கீழ்ப்பக்கம் ஊறி மெத்துன்னு ஆகியிருந்தது. (அலுமினியமோ பிவிசியோ கேட்டிருக்கணும்.) ஈரம் எங்கேருந்து வருதுன்னு பார்க்க கொத்தனார் ரெண்டு வழி சொன்னார். ரெண்டுக்கும் செலவே இல்லை.

ஒண்ணு, சுவரில் ஒரு அடி சதுரத்துக்கு பாலிதீன் தாளை வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தா நீர் கோத்திருந்தா ஈரம் சுவரிலேருந்து வருது. வெளிப்பக்கம் மட்டும் இருந்தா அது குளிக்கிற ஆவி, ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ போதும். ரெண்டு, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு மேல்தொட்டியில் தண்ணி மட்டத்துக்குக் கோடு போட்டு வைங்க. காலையில் மட்டம் இறங்கியிருந்தா எங்கேயோ ஒழுகுது.

எங்களுக்கு உள்பக்கம் நீர் கோத்தது, மட்டமும் இறங்கியிருந்தது. சுவருக்குள்ள பழைய இரும்புக் குழாய், முழங்கை இணைப்பு துருப்பிடிச்சு கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. நாலடி நீளத்துக்குக் கொத்தி, குழாயை மாத்த ஒரு நாள் போதுமா இருந்தது. முதலிலேயே அந்த ஒரு நாளைக் கொடுத்திருந்தா மீதி எதுவுமே நடந்திருக்காது.

இப்போ நம்ம பாடத்துக்கு வர்றேன். கணக்குப்பதிவியலில் 'விண்டோ டிரஸ்ஸிங்'னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? நடப்புச் சொத்து 2 லட்சம், நடப்புப் பொறுப்பு 1 லட்சம், விகிதம் 2:1. மார்ச் 31க்கு முன்னாடி கையிலிருக்கிற காசில் 50,000 கடனை அடைச்சுட்டா ஒன்றரை லட்சத்துக்கு அரை லட்சம், 3:1 ஆகிடும். ஏப்ரலில் திரும்பக் கடன் வாங்கிக்கலாம். பேலன்ஸ் ஷீட் அழகா இருக்கும், கம்பெனி நிலைமை அப்படியேதான் இருக்கும். நான் எங்க வீட்டுச் சுவருக்குச் செஞ்சது அதேதான். பார்க்க வந்தவங்களுக்குத் தெரியாம மறைச்சேன். அந்தப் பக்கம் படுத்திருந்த அப்பாயிகிட்ட மறைக்க முடியலை.

அதனால பேனலே வேண்டாமான்னு கேட்டா, இல்லை. கோடையில் சுவரை ரெண்டு மாசம் காய விட்டு, பாலிதீன் சோதனை திரும்பப் பண்ணிட்டு, நாங்க மறுபடி பேனல்தான் போட்டோம். ஒரே பாத்ரூம் இருக்கிற, வயசானவங்க இருக்கிற வீட்டில் ரெண்டு நாளில் முடியற வேலைக்கு மதிப்பு உண்டு. இந்த முறை கைப்பிடி, கீசர் வர்ற இடமெல்லாம் முன்கூட்டியே குறிச்சு, ஸ்க்ரூ செங்கலுக்குள்ள இறங்கற மாதிரி போட வச்சோம். குழாய் இணைப்பு இருக்கிற இடத்தில் ஒரு துண்டைத் தனியாக் கழட்டற மாதிரி விட்டோம். தரையோடு சேர்ற ஓரத்திலும் மூலையிலும் சிலிக்கான் அடிச்சோம். வாளியில் போடற ஹீட்டர் கம்பியைப் பேனல் பக்கம் சாய்ச்சு வைக்கறது கிடையாது. சுமார் 80 டிகிரியிலேயே பிவிசி இளகிடும்.

உங்க வீட்டில் யாராவது "மேல போட்டு மூடிட்டா தெரியாது"ன்னு சொன்னா, முதல்ல ஒரு பாலிதீன் தாளும் டேப்பும் வாங்கிட்டு வாங்க. ரெண்டு நாள் காத்திருக்கறதில் ஒண்ணும் குறைஞ்சிடாது.

பி.கு: புதுக் கைப்பிடியை முதல்ல நான்தான் தொங்கிப் பார்க்கணும்னு அப்பாயி உத்தரவு. தொங்கினேன். தாங்குது. ஆனாலும் அந்த ஸ்டூலை மட்டும் இன்னும் எடுக்க விட மாட்டேங்கறாங்க.