பார்த்தவனுக்கு என்னவாம்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சாவு விபத்தை நேரில் பார்த்துவிட்டு வீடு திரும்பும் இளைஞனை நம் ஆட்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் தெரியுமா? கூட்டாளியின் முதல் கேள்வி, "கார் நம்பர் என்னடா?" புதன், சனி, ஞாயிறு குலுக்கல் நாளாக இருந்தால் கேள்வி இன்னும் அவசரமாக வரும். நாலு நம்பர் லாட்டரிக் கடை மூடுவதற்குள் எடுத்தாக வேண்டுமே. அம்மா அவனை வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்லி, நெற்றியில் திருநீறு பூசுவார். நாற்காலியில் இருக்கும் மாமா மட்டும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்புச் சொல்வார்: "செத்தவன் வீட்ல அழுவுறாங்க, சரி. பார்த்தவனுக்கு என்னவாம்? ஆம்பளப் பிள்ளை, ரெண்டு நாள்ல மறந்துடும்."

நம்பர் எடுப்பதன் அசிங்கத்தைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். என் சண்டை மாமாவின் தீர்ப்போடுதான். ஏனென்றால் அது மாமாவின் கருத்து மட்டுமல்ல. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் கிள்ளான் லோரிப் பட்டறையிலும் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் நம்புவது இதைத்தான்: விபத்து அடிபட்டவனுக்கு நடப்பது, ஓரமாக நின்றவனுக்கு அது வெறும் காட்சி.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கோவிட் வருவதற்கு முந்தைய 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 பேர். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனிப்பாதையை 1970களிலேயே போட்ட நாடு இது. ஆனால் அந்தப் பாதை முடிகிற இடத்திலும், பாதையே இல்லாத மற்றச் சாலைகளிலும், லோரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். இந்த ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் பிரேக் போட்டு நின்ற ஒருவன் இருக்கிறான். ஓடிப்போய் ஹெல்மட்டைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்த ஒருவன் இருக்கிறான். ஆம்புலன்ஸ் வரும்வரை முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் இருக்கிறான். செத்தவர்கள் ஆண்டறிக்கையில் ஏறிவிடுகிறார்கள். இவர்களை எண்ணுவதற்குக் கட்டமே கிடையாது.

2023 ஆகஸ்ட் 17, பிற்பகல். ஷா ஆலாமில் எல்மினா அருகே, கத்ரி நெடுஞ்சாலையில் ஒரு சிறு விமானம் விழுந்து வெடித்தது. விமானத்தில் இருந்த 8 பேரும், அந்த நேரத்தில் அந்த வழியே காரில் வந்த ஒருவரும் மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவரும் இறந்தார்கள். பின்னால் வந்த வாகனத்தின் கேமராவில் பதிவான காட்சி சில மணி நேரத்தில் நாட்டில் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினோம். அந்தச் சாலையில் அந்த இருவருக்குச் சில விநாடிகள் பின்னால் வண்டி ஓட்டி வந்தவர்கள் இப்போது எப்படித் தூங்குகிறார்கள் என்று மட்டும் நம் பேச்சில் யாரும் கேட்கவில்லை. தப்பித்தவன் என்றால் கொடுத்து வைத்தவன், கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்தால் போதும் என்பது நம் எண்ணம்.

பார்த்தவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைக்குச் சட்டமும் ஒரு காலத்தில் முத்திரை குத்தியிருக்கிறது. 1938இல் எடின்பரோ நகரில் டிராமிலிருந்து இறங்கி மீன்கூடையைத் தூக்கப்போன ஒரு பெண், பக்கத்தில் மோட்டார்சைக்கிளும் காரும் மோதும் சத்தத்தைக் கேட்டார். பிறகு சாலையில் இரத்தத்தையும் பார்த்தார். வயிற்றில் எட்டு மாதக் குழந்தை. அது இறந்தே பிறந்தது. அதிர்ச்சிக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 1942இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. சாலையில் போகிற சாதாரண மனிதருக்கு இதையெல்லாம் தாங்கும் நெஞ்சுரம் இருக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி எண்ணினார். நம் மாமாவும் அந்தப் பிரபுவும் ஒரே கட்சி.

மருத்துவம் அந்தக் கட்சியை விட்டு விலகி வெகுகாலம் ஆகிறது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அடுத்தவருக்கு நேர்ந்த சாவை நேரில் பார்ப்பதும் அந்த நோய்க்குக் காரணமாகலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. கைப்பேசியில் பார்ப்பதை அது பொதுவாக ஏற்பதில்லை. நேரில் நின்றவனையும் வீடியோ பார்த்தவனையும் ஒரே தட்டில் வைக்கும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

"ரெண்டு நாள்ல மறந்துடும்" என்பது ஏன் பொய்? அந்தக் காட்சி மற்ற நினைவுகளைப் போல ஒரு கதையாக உள்ளே போய் உட்காருவதில்லை. டயர் கிறீச்சிடும் சத்தம், பெட்ரோல் வாடை, கழன்று கிடந்த ஒரு செருப்பு என்று துண்டு துண்டாகத் தங்கிவிடுகிறது. டோல் சாவடியில் யாரோ பிரேக் அடித்தால் போதும், பழைய நாள் அப்படியே இப்போது நடப்பது போல எழுந்து நிற்கும். பையன் காரணம் சொல்லாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறான், அற்ப விஷயத்துக்கு எரிந்து விழுகிறான், இராத்திரியில் தூக்கமில்லை. வீட்டில் அவனுக்குத் 'திமிர்' என்று பெயர் வைக்கிறார்கள். கூட்டாளிகள் அன்போடு பீர் வாங்கித் தருகிறார்கள். போதை தூக்கத்தைக் கெடுத்து, காயத்தை ஆறவிடாமல் வைப்பதை எவரும் பார்ப்பதில்லை. நம் சமூகத்தில் குடியால் சீரழிந்த ஆண்கள் எத்தனை பேர் இப்படிக் கண்டதைச் சொல்லாமல் குடித்தவர்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் தேறாதவரைப் பற்றித்தான் இந்தச் சண்டை. "எல்லாத்தையும் கொட்டிடு, பாரம் குறையும்" என்று மறுபக்கத்திலிருந்து வரும் வைத்தியமும் எனக்கு உடன்பாடில்லை. விபத்து நடந்த கையோடு ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைப்பது பின்னாள் நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அவன் பேச வந்தால் கேளுங்கள், வராவிட்டால் தோண்டாதீர்கள். ஆக்ஸ்போர்டு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர், 6 மணி நேரத்துக்குள் அந்தக் காட்சியைச் சற்றே நினைத்துவிட்டு டெட்ரிஸ் வீடியோ கேம் விளையாடினார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்குத் தானாக எழுந்த கோர நினைவுகள் மற்றவர்களைவிடப் பாதிக்கும் மேல் குறைவு. நெஞ்சுரத்துக்கு இதில் என்ன வேலை? இது மூளையின் வேலை.

அம்மாவின் திருநீறைக் கேலி செய்வேன் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். "பிள்ளை பயந்திருக்கான்" என்று சொல்லி முனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டும் பாட்டி, அவனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்பதையாவது ஒப்புக்கொள்கிறார். மாமாவைவிடப் பாட்டி மருத்துவருக்கு நெருக்கமானவர். பாட்டியின் தவறு ஒன்றுதான்: கயிறு கட்டியதோடு முடிந்தது என்று நினைப்பது. இருக்கட்டும் கயிறு. மூன்றாவது வாரமும் பையன் தூங்கவில்லையென்றால் கயிற்றோடே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

இனி அரசின் பக்கம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை. காயப்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு அப்போது 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்த மனிதர் சட்டையில் இரத்தத்தோடு வீடு போய் என்ன ஆனார் என்பதற்கு இப்படிப்பட்ட தொகை பதிலாகாது. இங்கே 2025 ஜூனில் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது, தப்பிய மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் மனநல உதவி தரப்பட்டது. அதே உதவி, கிள்ளானில் இழுவை வண்டி ஓட்டுபவருக்கும், உணவு விநியோகம் செய்யும் பையனுக்கும், துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் அண்ணனுக்கும் அவர்கள் வழியிலேயே கிடைக்க வேண்டும். பல்கலைக்கழகம் என்ற கூரை அவர்களுக்கு இல்லை. அவர்கள் மாதந்தோறும் பார்ப்பதை மற்றவர் ஆயுளில் ஒருமுறை பார்த்தாலே அதிகம்.

லோரி கம்பெனி நடத்தும் தமிழ் முதலாளிகளே, உங்கள் ஓட்டுநர் சாவைப் பார்த்த மறுநாள் அதே தடத்தில் அவரை அனுப்பாதீர்கள். கோயில் நிர்வாகங்களே, அறிவிப்புப் பலகையில் நன்கொடைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணுக்கு இடம் கொடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனம் நொந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பு 1970 முதல் இயங்குகிறது. அதன் எண் 03-7627 2929. வீட்டிலிருப்பவர்களே, பிள்ளை சுற்றுவழியில் வேலைக்குப் போகத் தொடங்கினால் திட்டாதீர்கள். ஏனென்று ஒருமுறை கேளுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.