மெத்தைக்குக் காசில்லை, காருக்கு உண்டு!

எங்கள் தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்கள். அம்பத்தூரில் எப்போதும் யாராவது வீடு கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். வாசலில் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலை நோக்கி ஓடி வந்து, அந்தரத்தில் ஒரு பல்டி அடித்து விழுந்தாள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. எழுந்து கவுனைத் தட்டிக்கொண்டாள். மறுபடி ஓட்டம். மறுபடி பல்டி. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

அவள் அப்பா எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். "முறையா எங்கேயாவது சேர்த்துவிடலாமே" என்றேன்.

"எங்கே சார்? இந்தப் பக்கம் அபாகஸ் கிளாஸ் இருக்கு, ஹிந்தி கிளாஸ் இருக்கு. இதுக்கு நேரு ஸ்டேடியத்துல போய்க் கேளுங்கன்னாங்க. பட்டறையைப் பூட்டிட்டு தினம் பெரியமேடு போக முடியுமா? திறமை இருந்தா தானா வரும் சார். அந்த தீபா கர்மாகர், ஓட்டை ஸ்கூட்டர் பார்ட்ஸை வச்சுப் பழகித்தானே ஒலிம்பிக் போச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அந்தக் கதையை நமக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்.

கதை உண்மைதான். அகர்தலாவில், கழித்துப் போட்ட ஸ்கூட்டரின் பாகங்களை வைத்து ஒப்பேற்றிய சாதனத்தில்தான் பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அந்தப் பெண்ணைப் பழக்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. ஆறு வயதில் தொடங்கியவர். தட்டைப் பாதம் வேறு. ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆகாது என்பார்கள். அதையும் மீறி வந்தார்.

ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியர்கள் கடைசியாகக் கலந்துகொண்டது 1964-ல். நம்ம அம்பத்தூர் எஸ்டேட் தொடங்கிய அதே வருஷம்! அதற்கப்புறம் 52 வருஷம் கழித்து, 2016-ல் ரியோவுக்குப் போனார் தீபா. ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை.

அவர் எடுத்துக்கொண்டது ப்ரொடுனோவா வால்ட். ஓடி வந்து மேஜையில் கை ஊன்றி எம்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு பல்டி. தரை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமலே காலை ஊன்ற வேண்டும். கொஞ்சம் பிசகினால் கழுத்து. 'மரண வால்ட்' என்று பெயர். சிமோன் பைல்ஸே பக்கத்தில் போகாத சமாச்சாரம்.

ஆகஸ்ட் 14 ராத்திரி நாமெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். தீபா 15.066. மூன்றாவதாக வந்த சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. வித்தியாசம் 0.150. தரையில் இறங்கும்போது ஒரு சின்ன எட்டு வைத்தாலே 0.1 போய்விடும் என்றால், ஒன்றரை எட்டில் போனது பதக்கம்.

இப்போது நம் வள்ளல்தனத்தைப் பாருங்கள். இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்ற பிறகுதான் அவருடைய பிசியோதெரபிஸ்ட் ரியோவுக்கு அனுப்பப்பட்டார். ஊர் திரும்பியதும் பி.எம்.டபிள்யூ கார்! சாவியைக் கொடுத்தவர் டெண்டுல்கர். அந்த காருக்கு அகர்தலாவில் சர்வீஸ் சென்டர் கிடையாது, ரோடும் சரியில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்து, பதிலுக்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். கேல் ரத்னா, பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. கேமராக்கள் போயின.

அப்புறம்? 2017-ல் முழங்கால் தசைநார் அறுந்து ஆபரேஷன். 2018-ல் துருக்கியில் திரும்பி வந்து தங்கம். அதன் பிறகு தடை செய்யப்பட்ட ஹைஜெனமைன் உடம்பில் இருந்ததாக 21 மாதத் தடை. தெரியாமல் உள்ளே போய்விட்டது என்றார். விதி விதிதான், நான் வாதாட வரவில்லை. 2024 மே மாதம், முப்பது வயதில், தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். அதை வென்ற முதல் இந்தியர். அந்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஜிம்னாஸ்ட் ஒருவர்கூட இல்லை. அக்டோபரில் தீபா ஓய்வு பெற்றார்.

நான் பி.காம் படித்தவன். முதல் போடாமல் லாபத்தில் பங்கு கேட்கிறவனை எங்கள் கணக்குப் புத்தகத்தில் பார்ட்னர் என்று எழுத மாட்டோம். தீபா விஷயத்தில் முதல் போட்டது ஒரு குடும்பமும் ஒரு வாத்தியாரும். நாம் போட்டது கைதட்டல். அதுவும் பேலன்ஸ் ஷீட் வந்த பிறகு.

'கஷ்டப்பட்டால்தான் சாம்பியன் வருவான்' என்பது செலவு செய்ய மனசில்லாதவன் கண்டுபிடித்த தத்துவம். அந்தக் கஷ்டத்தில் கழுத்து முறிந்தவர்களும், பாதியில் விட்டவர்களும் எத்தனை பேர்? அவர்களை யார் பேட்டி எடுக்கிறார்கள்?

என்ன கேட்கிறேன்? தங்கச் சுரங்கமா? அம்பத்தூர் மண்டலத்தில் ஒரு ஹால், ஆவடி மாநகராட்சியில் ஒரு ஹால், பூந்தமல்லியில் ஒரு ஹால். தடிமனான மெத்தை, பத்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பேலன்ஸ் பீம், ஒரு ஸ்பிரிங் பலகை, விஷயம் தெரிந்த ஒரு பெண் பயிற்சியாளர். ஆவடியில் டாங்க் செய்கிறார்கள் சார்! நம்மால் ஒரு ஸ்பிரிங் பலகை செய்ய முடியாதா?

லேத் பட்டறைக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்க ஜாப்ல அரை மில்லிமீட்டர் தப்பினா கம்பெனிக்காரன் எடுத்துப்பானா?"

"நூல் அளவு தப்பினாலே ரிஜெக்ட் சார்."

"ஓட்டை மிஷின்ல அந்த அளவு வருமா?"

பதில் சொல்லவில்லை. மணல் குவியலைப் பார்த்தார். "ஏய், போதும், இறங்கு!" என்று மகளை அதட்டினார்.

அவள் இன்னொரு முறை ஓடி வந்துகொண்டிருந்தாள்.