ஏட்டுச் சுரைக்காயும் எட்டு பட்டனும்



'ஷிஃப்ட் ரிஜிஸ்டர்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பத்து மார்க் கேள்வி! படம் போடுகிறோம், மார்க் வாங்குகிறோம், மறந்துவிடுகிறோம். அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

பார்க்க வேண்டுமா? ஒரு பழைய வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கழற்றுங்கள். நிண்டெண்டோ கம்பெனி 1985-ல் அமெரிக்காவில் இறக்கிய என்.இ.எஸ். கேமின் கன்ட்ரோலரில் 8 பட்டன்கள். ஆனால் வெளியே வருவதோ 5 ஒயர்தான்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. உள்ளே 4021 என்ற ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஐ.சி. லாட்ச் பல்ஸ் வந்ததும் 8 பட்டன்களின் நிலையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கிளாக் துடிக்கத் துடிக்க, ஒவ்வொரு பிட்டாக டேட்டா ஒயரில் அனுப்பும். அமுக்கிய பட்டனுக்கு 0, மற்றதுக்கு 1. நாம உருப்போட்ட 'பேரலல் இன், சீரியல் அவுட்' இதுதாங்க!

நம் ஊரில் விற்ற மலிவு டி.வி. கேம்கள் பலவும் இதன் நகல்களே. உள்ளே ஐ.சி.க்குப் பதில் கருப்புப் பொட்டு இருக்கும். பேசும் பாஷை பெரும்பாலும் அதேதான்.

இதைக் கம்ப்யூட்டரில் மாட்ட முடியுமா? பிரிண்டருக்கான 25 பின் பேரலல் போர்ட்டில் ஒயரைச் சால்டர் செய்து 1990களிலேயே மாட்டினார்கள். லினக்ஸில் இதற்கென்றே 'கேம்கான்' என்ற டிரைவர் உண்டு. அந்தப் போர்ட் இன்று அரிது. ஆனால் ஆர்டுயினோ லியோனார்டோ போர்டில் சின்னப் புரோகிராம் எழுதினால், யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக்காகவே கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளும்.

"புது யு.எஸ்.பி. கன்ட்ரோலர் வாங்கிச் சொருகினா முடிஞ்சுது, எதுக்குடா இந்த வேலை?" என்பீர்கள். விளையாட அது போதும், கற்க?

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா சைக்கிள் கடையில், பழுதான வண்டியைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர். புத்தகமே இல்லாத அவருக்குக் கிடைத்த வாய்ப்பு, புத்தகம் சுமக்கும் நமக்கு இல்லை. லேபில் எதைத் தொட்டாலும் "கெட்டுப்போயிடும், தொடாதே!" நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் நம் கையைத்தானே பார்ப்பார்கள்?

இந்தச் சாமானில் 5 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. கெட்டாலும் பழைய சாமான்தானே! வரும் ஆண்டு நம் மாணவர் பேரவை வீடுகளில் தூங்கும் பழைய கன்ட்ரோலர்களைச் சேகரிக்கட்டும். ஆஸிலோஸ்கோப்பில் மாட்டி அந்த 8 பிட்டும் ஓடுவதைப் பார்ப்போம். ஏட்டுச் சுரைக்காய் போதும் நண்பர்களே, இனி கறி சமைப்போம்!