சந்தக்பூவுக்கு நான்கு கிலோமீட்டர்

சந்தக்பூ மலையுச்சியில் நின்று காணும் காட்சியை அடுத்த திங்கள் எழுதுவோம் என்று சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அவ்வாக்கைக் காக்க இயலவில்லை. உச்சிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில் திரும்பிவிட்டோம். திரும்பிய கதையையே இம்மாதம் எழுத நேர்ந்தது; அன்பர்கள் பொறுத்தருள்க.

மலையோட்டம் என்றால் என்ன, மலையில் போய் ஏன் ஓட வேண்டும் என்று நம் சங்கத்துத் தாய்மார் சிலர் வினவினர். இரண்டாம் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. முதல் கேள்விக்கு உண்டு. நகரச் சாலையை விட்டு, ஒற்றையடிப் பாதையிலும் கல்பாவிய தடத்திலும் ஏறியும் இறங்கியும் ஓடுவதே மலையோட்டம். டார்ஜிலிங் மாவட்டத்தில் நேபாள எல்லையை ஒட்டிச் செல்லும் சிங்கலிலா மலைத்தொடர் இதற்குப் பெயர் பெற்றது. 1991-ஆம் ஆண்டில் இங்கே நூறு மைல் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஐந்து நாளில் 160 கிலோமீட்டர். முதல் நாளே மானேபஞ்சன் சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு ஏறிவிட வேண்டும். மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. வானம் தெளிந்திருந்தால் உலகின் ஐந்து பெரிய சிகரங்களுள் நான்கை, எவரெஸ்டு, கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு ஆகியவற்றை, நின்ற இடத்திலிருந்தே காணலாம்.

கடலூரிலிருந்து நம் மருமகப் பிள்ளை சென்ற நவம்பரில் விடுமுறைக்கு வந்திருந்தான். நம் மைத்துனரின் மகன்; வயது பத்தொன்பது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் தினமும் ஓடிப் பழகியவன். கல்லூரிப் பந்தயத்தில் ஐயாயிரம் மீட்டரில் பரிசு பெற்றவன். பந்தயத்தில் சேராவிட்டாலும் அந்த முதல் நாள் வழியை நாமும் ஒரே நாளில் கடந்து பார்ப்போமே என்று அவன் ஆசைப்பட்டான். உண்மையைச் சொன்னால், நம் ஆசை அவன் ஆசைக்குக் குறைந்ததன்று. முப்பத்தாறு வயதில், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பார்சல் கணக்கு எழுதுகிற ஒருவருக்கு இப்படியொரு துணை மறுபடி கிடைக்குமா? அலுவலகத்து வங்காள நண்பரும் உடன் வர இசைந்தார். அவர் அவ்வழியே இருமுறை போய்வந்தவர்.

இரயில் நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். சமவெளியில் நூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் புறப்படும் டார்ஜிலிங் சிறுவண்டி, கூம் நிலையத்தில் 2,258 மீட்டரைத் தொடுகிறது. 1881-இல் முடிந்த இந்தப் பாதையில், சரிவு மிகக் கடுமையான இடங்களில் வண்டி முன்னேறுவதை நிறுத்தி, பின்னோக்கிச் சிறிது தூரம் சென்று, மறுபடி முன்னோக்கி ஏறும். அதை மருமகனுக்குக் காட்டி விளக்கினோம். “இவ்வளவு மெதுவாகவா, மாமா! நான் ஓடியே முந்திவிடுவேன்” என்று சிரித்தான்.

மறுநாள் விடியலில் மானேபஞ்சனில், வழிகாட்டி ஒருவருடன் புறப்பட்டோம். சித்ரே வரையில் ஏற்றம் நெஞ்சில் முட்டுகிறது. இங்கே ஓட்டம் என்பது பெயரளவுக்குத்தான். தேர்ந்த மலையோட்டக்காரர்களும் செங்குத்தில் ஓடுவதில்லை. கைகளை முழங்காலுக்கு மேல் ஊன்றி, சிற்றடி வைத்து, வேகமாய் நடக்கிறார்கள். பேச்சு தடைப்படும் அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் மிஞ்சிவிட்டது என்று அறியலாம். மருமகனோ சித்ரேயில் நம்மை விட இருபது நிமிடம் முன்னே நின்றான். மேக்மாவில் மேகம் கண்ணை மறைத்தது. தும்லிங்கில் தேநீர் அருந்தினோம். அந்த விடுதிகள் இருப்பது நேபாள மண்ணில். கடவுச்சீட்டு இல்லாமல் அயல்நாடு சென்ற பெருமை நமக்கும் வாய்த்தது!

தும்லிங்கிலிருந்து கைரிபாஸுக்கு ஒரே இறக்கம். பாடுபட்டு ஏறிய உயரத்தை வட்டியோடு திருப்பிக் கொடுப்பது போன்றது. இறக்கம் எளிது என்று எண்ணுவோர் ஏமாறுவர். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. தசை நார்கள் சிதைவதும், மறுநாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பதும் அதனாலேயே. குதிகாலை முன்னே ஊன்றித் தடுக்காமல், முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய அடிகளாக, பார்வையைச் சில அடி முன்னால் நிறுத்தி இறங்க வேண்டும். இதை வங்காள நண்பர் சொல்லக் கேட்டும், நாம் இருமுறை வழுக்கி விழுந்தோம்.

காலிபோக்ரியில் கருநிறக் குளம் ஒன்று உண்டு. உயரம் 3,100 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே அமர்ந்து வீட்டிலிருந்து கொணர்ந்த புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். அத்தை கைப்புளியோதரையென்றால் இரண்டு பொட்டலத்துக்குக் குறையாதவன், ஒரு கவளத்தோடு மூடி வைத்தான். தலை வலிக்கிறதா என்றோம். வெயில் என்றான். வெயிலே இல்லை.

பிகேபஞ்சனை அடைவதற்குள் அவன் நமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். ஓரிடத்தில் குனிந்து வாந்தி எடுத்தான். வழிகாட்டி குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் பிள்ளை ஒருபக்கம் சாய்ந்தான்.

இதன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். மலை மேலும் காற்றில் உயிர்வளியின் விகிதம் கீழே உள்ளதுதான். குறைவது காற்றின் அழுத்தம். சந்தக்பூ உயரத்தில் அது கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உடல் இதற்குப் பழகப் பல நாள் வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல் வரலாம். ஓடிப் பயின்ற உடல் என்பதற்காக இந்நோய் விலகிப் போவதில்லை. வலுவுள்ள இளைஞர் விரைந்து ஏறிவிடுவதால் அவர்களே அதிகம் சிக்குகிறார்கள். நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோத்ததன் அறிகுறியாகலாம். அது உயிரைக் குடிக்கும். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது.

“மாமா, இன்னும் நாலு கிலோமீட்டர்தானே! மேலே போய்ப் படுத்துவிடுகிறேன்” என்றான்.

நாம் உடனே மறுத்தோம் என்று எழுத ஆசைதான். ஆனால் பத்து நிமிடமாவது தயங்கினோம். மேகம் விலகிக்கொண்டிருந்தது. இத்தனை தூரம் வந்தாயிற்றே என்றது மனம். உங்களுக்கு வாக்களித்திருந்த கட்டுரையும் நினைவுக்கு வந்தது, வெட்கத்தோடு சொல்லுகிறோம். “இவன் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்” என்று புறப்படுகையில் இல்லாள் சொன்னது அதற்குப் பிறகே காதில் ஒலித்தது. பையை நாம் வாங்கிக்கொண்டோம். வழிகாட்டி அவன் தோளைப் பற்றினார். இரவு சூழுமுன் 2,600 மீட்டர் அளவிலுள்ள கைரிபாஸுக்கு இறங்கிவிட்டோம். வங்காள நண்பர் வேறொரு குழுவோடும் அவர்கள் வழிகாட்டியோடும் மேலே சென்றார்.

இரவு முழுதும் பிள்ளை நம்மோடு பேசவில்லை. நாமும் உறங்கவில்லை, மணிக்கொருமுறை எழுப்பிப் பெயர் கேட்டோம். மூன்றாம் முறை, “என் பெயர் உங்களுக்குத் தெரியாதா, மாமா?” என்று சீறினான். அந்தச் சீற்றம் கேட்டபின்தான் நமக்கு உயிர் வந்தது. காலையில் இரண்டு தட்டு மோமோ தின்றான்.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். 2021 மே 22 அன்று சீனத்தின் கான்சு மாகாணத்தில் நடந்த நூறு கிலோமீட்டர் மலையோட்டத்தில், திடீரென வீசிய கடுங்குளிர்க் காற்றிலும் மழையிலும் 21 பேர் மாண்டனர். தேர்ந்த வீரர்களும் அவர்களுள் இருந்தனர். காற்றுப் புகாத மேற்சட்டை, உலர்ந்த உள்ளாடை, கம்பளிக் குல்லாய், கைவிளக்கு, உப்பும் இனிப்புமான தின்பண்டம் இவை பையில் இன்றி மலைப்பக்கம் போகலாகாது. கடலை மிட்டாயைப் போல் இலேசான, கெட்டுப்போகாத தீனி வேறில்லை என்பது நம் அனுபவம்.

இப்போது அவன் கடலூரில் இருக்கிறான். அடுத்த நவம்பருக்கு இப்போதே கடிதம் போட்டிருக்கிறான்: முதல் இரவு தும்லிங், இரண்டாம் இரவு காலிபோக்ரி, மூன்றாம் நாள் உச்சி என்று தானே அட்டவணை வரைந்து, ஒவ்வோர் ஊருக்கும் எதிரே நிலையப் பலகை போல உயரமும் குறித்து அனுப்பியுள்ளான். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும் என்ற விதியை எங்கோ படித்துக் கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். வங்காள நண்பர் எடுத்துவந்த கஞ்சன்ஜங்காவின் படம் நம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மருமகன் அதன் பிரதி ஒன்றைக் கேட்கவில்லை, நாமும் அனுப்பவில்லை.