உருவம் பார்த்து உயரம் அளக்காதே!



நம்ம பள்ளியில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. குள்ளமாக இருந்தால் 'கத்தரிக்காய்', கண்ணாடி போட்டால் 'சோடாபுட்டி', திக்கிப் பேசினால் 'ரிப்பேர் ரேடியோ', காலைத் தாங்கி நடந்தால் அதற்கும் ஒரு பெயர். கேட்டால், "சும்மா விளையாட்டுக்குத்தான்டா!" என்று பதில் வரும். விளையாட்டு என்றால் ரெண்டு பக்கமும் சிரிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சிரித்தால் அதற்குப் பெயர் விளையாட்டா?

வேதாகமம் வாசிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். மற்ற மதத்து நண்பர்களும் படியுங்கள். ஏனென்றால் வள்ளுவரும் 667-ஆம் குறளில் உருவத்தைப் பார்த்து இகழாதே என்றுதான் சொல்கிறார். அவ்வளவு பெரிய தேருக்கும் சின்ன அச்சாணிதானே துணை!

சாமுவேல் தீர்க்கதரிசி புது ராஜாவைத் தேடி பெத்லகேமில் ஈசாய் வீட்டுக்குப் போனார். மூத்த மகன் எலியாப் நல்ல உயரம், நல்ல தோற்றம். 'இவன்தான்' என்று தீர்க்கதரிசியே நினைத்துவிட்டார். மனுஷன் வெளியே பார்க்கிறான், நான் உள்ளே பார்க்கிறேன் என்ற பொருளில் கடவுள் அவரைத் தடுத்தார் (1 சாமுவேல் 16). ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பையன் தாவீதுதான் தேர்வானான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். தாவீதும் அழகானவன் என்றே அதே அதிகாரம் சொல்கிறது. ஆக, அழகு குற்றமும் இல்லை, தகுதியும் இல்லை. அவ்வளவுதான்!

சிலர் இதைத் தலைகீழாக்கி விடுகிறார்கள். "பாவம், உடம்புலதான் குறை, மனசு தங்கம்" என்பார்கள். ஊனமுற்றவர் எல்லாரும் நல்லவர், அழகானவர் எல்லாரும் திமிர் பிடித்தவர் என்றால், அதுவும் உருவத்தை வைத்து அளப்பதுதானே? கோபமும் குறும்பும் அன்பும் எல்லாருக்கும் உண்டு. பழகிப் பார்த்தால்தான் மனசு தெரியும்.

இன்னும் சிலர், "யார் செய்த பாவமோ?" என்பார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு தெளிவாகச் சொல்லிவிட்டார் (யோவான் 9). "விசுவாசம் பத்தல, அதான் சுகமாகல" என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). பவுலுக்கே விசுவாசம் பத்தவில்லையா?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954-இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. முகத்திலும் காயம். இனி வீட்டோடுதான் என்று அவர் முடங்கவில்லை. டாக்டர் பால் பிராண்டிடம் பயிற்சி பெற்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஊரே தொடப் பயந்த கைகள் அவை! பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவர் முக்கிய காரணம். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரை 'பாவம்' என்று ஒதுக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

கடைசியாக ஒன்று. கப்பர்நகூமில் நடக்க முடியாத ஒருவனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். வாசலில் ஒரே கூட்டம், வழியில்லை. "உன் மனசு நல்லாயிருந்தா போதும்" என்று ஆறுதல் சொல்லி அவனைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள் (மாற்கு 2). மனசு முக்கியம் என்று பேசிவிட்டு வழியை அடைத்து வைத்தால் என்ன பிரயோஜனம்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, பள்ளிகளில் தடையில்லாத வசதி வேண்டும் என்கிறது. நாம் கூரையைப் பிரிக்க வேண்டாம். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சாய்தளம், மாடி ஏற முடியாதவர் இருக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது, இவை போதும். ஆசிரியர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

மாணவர்களாகிய நம்மால் இன்றைக்கே முடிந்தது ஒன்று உண்டு. ஒரு பட்டப்பெயரை அவன் அம்மா முன்னால் சொல்ல உனக்கு வாய் வருமா? வராதென்றால் அவன் முன்னாலும் சொல்லாதே. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடு!

சிந்திப்போம்! மாறுவோம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்