பழைய ஆர்எக்ஸ் 100-ஐ ஓட வையுங்கள்... 'புதுசாக்க' வேண்டாம்!

தென்காசி, செங்கோட்டை பக்கம் சில வீடுகளில் இன்னமும் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 நிற்பதைப் பார்க்கலாம். அப்பாவோ மாமாவோ ஓட்டிய வண்டி. மேலே பழைய சாக்கு, கீழே காற்று இறங்கிய டயர். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் நீங்கள், குற்றால சீசனுக்கு ஊருக்கு வரும்போது அதைப் பார்த்ததும் ஓர் ஆசை வரும். 'இதைப் புத்தம் புதுசா மாத்திட்டா என்ன?'

தாராளமாக ஓட வையுங்கள். ஆனால், புதுசாக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவது வண்டியைக் காப்பாற்றும். இரண்டாவது, பல நேரங்களில், வண்டியின் பெயரை மட்டும் மிச்சம் வைக்கும்.

ஏன் இவ்வளவு மவுசு?

1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டோடு வரிசையாக 100 சிசி பைக்குகள் இந்தியாவுக்கு வந்தன. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே ஆண்டு எஸ்கார்ட்ஸ் கூட்டில் யமஹா ஆர்எக்ஸ் 100. அடுத்து கவாசாகி பஜாஜ். இதில் ஆர்எக்ஸ் 100-ன் இன்ஜின் வெறும் 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். வண்டி எடை குறைவு என்பதால் பறந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 1996-ல் உற்பத்தி நின்றுபோனது. ஆகவே, இன்று இருப்பதில் கடைசியாக வந்த வண்டிக்கே முப்பது வயதாகிவிட்டது.

திரும்ப மாத்த முடியுமா?

பட்டறையில் வண்டியை விடும் முன் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'செய்ததைப் பிறகு பழையபடி மாற்ற முடியுமா?'

டயர், பிரேக் ஷூ, கேபிள், செயின், வயரிங் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதில் சென்டிமென்ட் வேண்டாம். கிராங்க்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீலையும் மாற்றியே ஆக வேண்டும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறைக்குள் வெளிக்காற்று போகக் கூடாது. காய்ந்துபோன சீல் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

சிலிண்டர் அப்படியல்ல. அதன் விட்டம் 50 மில்லிமீட்டர். போர் போடும்போது அதை 0.25 மி.மீ. அளவில் படிப்படியாகப் பெருக்குவார்கள். சில முறைதான் முடியும். எனவே, அளந்து பார்க்காமல் 'எதுக்கும் போர் போட்டுடலாம்' என்றால் தலையாட்டாதீர்கள். வேகத்துக்காக போர்ட்டை ராவுவது இன்னும் மோசம். ராவிய இரும்பு திரும்ப வராது.

பெயின்டும் அப்படித்தான். டேங்கில் இருக்கும் பழைய கலரும் ஸ்டிக்கரும் மங்கியிருந்தால் கழுவி, லேசாக பாலிஷ் போட்டு விடுங்கள். நகல் ஸ்டிக்கர் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். கம்பெனி அடித்த பெயின்ட் ஒரே ஒரு முறைதான். கழற்றிய பழைய பாகங்களையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். இன்று காயலான் கடைக்குப் போகும் ஒரிஜினல் கார்புரேட்டரை நாளை நீங்களே தேடி அலைவீர்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

தனியார் பைக்கின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய பைக்குகளுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஆர்டிஓ ஆபீஸில் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் பார்ப்பார்கள். சேஸிஸில் கனமாக பவுடர் கோட்டிங் அடித்து நம்பர் மறைந்துபோனாலோ, பஃப் போடும்போது தேய்ந்துபோனாலோ, சொந்த வண்டியே திருட்டு வண்டி போல நிற்கும். டிஎன் 72-ல் பதிவாகி, இப்போது டிஎன் 76 எல்லைக்குள் நிற்கும் வண்டிகளுக்கு முதல் வேலை பெயின்ட் அல்ல, பேப்பர்தான்.

இன்னொன்று. 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, 'விண்டேஜ்' பதிவு பெற வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. முதல் ஆர்எக்ஸ் 100-கள் 2035-ல்தான் அந்த வயதைத் தொடும். அன்றைக்குத் தேறப்போவது எது என்பதை இன்றைக்கு நீங்கள் பட்டறையில் எடுக்கும் முடிவு தீர்மானித்துவிடும்.

சாரலும் இ20-யும்

நம்ம ஊர் வண்டிக்குத் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியே வரும் சாரல் மனிதர்களுக்கு சுகம், இரும்புக்கு எமன். போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கி, உள்ளே துரு பிடிக்கும். பழைய ரப்பர் பாகங்களும் இற்றுப்போகும். விடுமுறை முடிந்து கிளம்பும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். பெட்ரோல் டியூபையும் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பத்தாயிரக்கணக்கில் கொட்டும் பெயின்ட் வேலையைவிட வண்டிக்கு ஆயுள் கூட்டுவது இந்தச் சில்லறைச் செலவுதான்.

புகை?

'புகை கக்குற வண்டியை எதுக்குங்க காப்பாத்தணும்?' நியாயமான கேள்வி. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலும் சேர்ந்து எரியும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் வெளியேறும். அதனால் தினமும் ஆபீஸ் போக இந்த வண்டி வேண்டாம். ஆயில் பம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணளவில் பெட்ரோலில் ஆயிலை ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அந்த பம்ப் வேகத்துக்குத் தக்கபடி ஆயிலை அளந்து விடுவது; அதைச் சரிசெய்தாலே புகை குறையும். ஒரிஜினல் சைலன்சரே போதும். ஐந்தருவிக்குப் போகிறவர்கள் கேட்க வருவது தண்ணீர் சத்தம், உங்கள் சைலன்சர் சத்தம் அல்ல.

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலில் பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை வணங்குகிறேன் என்று அரசனே சொல்கிறான். குறையைத் தீர்ப்பவருக்குத்தான் அந்த வணக்கம். 98 சிசி வண்டிக்கும் அந்த அளவு மரியாதை போதும். பழுதைப் பாருங்கள். மிச்சத்தை அப்படியே விடுங்கள்.