விதி என்று சொல்ல மாட்டாள்!

காவிரி வருகிறாள், கழனி செழிக்கிறது, களஞ்சியம் நிறைகிறது என்று தஞ்சைத் தரணியின் புகழை மேடைதோறும் பேசுகிறோம். அந்தக் கழனியிலே நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டாளே, அவள் காலைப் பார்த்தோமா தோழர்களே? விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்! சர்க்கரை நோயும் சேர்ந்துவிட்டால் பாதத்திலே உணர்ச்சி மங்கும். முள் தைத்தாலும் தெரியாது. வலிக்காத புண் வளரும். வளர்ந்து, ஒருநாள் காலையே பலி கேட்கும்.

"தலையெழுத்து" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "முன்வினைப் பயன்" என்பார் புராணம் படித்தவர். அரசு மருத்துவமனையிலே கட்டுப் பிரிக்கும் செவிலி அப்படிச் சொல்ல மாட்டாள். அவள் கேட்பது வேறு.

நிறம் என்ன? சிவப்பா, புதுச்சதை வளர்கிறது, காப்பாற்று! மஞ்சளா, செத்த சதை படிந்திருக்கிறது, அகற்ற வழி பார்! கருப்பா? வெட்டி எறியலாமா? பொறு! பாதத்திலே நாடி துடிக்கிறதா என்று முதலில் பார். இரத்த ஓட்டம் குன்றிய குதிகாலிலே காய்ந்து இறுகிய பொருக்கைத் தொடாமல் விடுவதே நன்று. நாற்றம் மிகுந்ததா, சுற்றிலும் சிவந்து சூடு பரவுகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா? அப்படியானால் மருத்துவரை அழை, இப்போதே!

"காற்றாட விட்டால்தான் புண் ஆறும்" என்று நம் பாட்டிமார் நம்பினர். 1962-இல் ஜார்ஜ் விண்ட்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலிலே சோதித்தார். காயவிட்ட புண்ணைவிட ஈரம் காத்த புண்ணிலே புதுத்தோல் விரைந்து படர்ந்தது! ஆய்வு பேசியது, செவிலியர் பழக்கம் மாறியது. மேடையிலே நாம் முழங்கும் பகுத்தறிவை, பஞ்சும் கத்தரியும் ஏந்தி நாள்தோறும் நடத்திக் காட்டுகிறாள் அவள்.

அவளுக்கு நாடு தந்த மதிப்பென்ன? 2015-இல் தேர்வெழுதி வந்த செவிலியர்க்கு மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம்! நிலையான பணி கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்திலே ஆயிரக்கணக்கில் அவர்கள் அமர்ந்ததை மறந்துவிட்டோமா?

ஏன் இந்த நிலை? சீழையும் குருதியையும் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம், அவற்றைத் தொட்டுத் துடைத்த கையையும் தாழ்த்தி வைத்தது. அந்தப் பழைய நோய்தான் சம்பளப் பட்டியலிலே புகுந்து ஒளிந்து கொண்டது.

புண் நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிடத் தெரிய வேண்டுமானால், பார்த்த கண்ணே மீண்டும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தது, போய் வா என்றால், போவது ஒரு பெண்ணா? நோயாளியின் புண்ணை அறிந்த கண்ணல்லவா போகிறது!

ஆள்வோர் எவராயினும் கேட்கிறோம்: அந்தக் கையைக் கூலியாக எண்ணாதீர், அறிவாக மதியுங்கள். நாற்று நட்டவளின் காலைக் காப்பவளுக்கு, முதலில் கால் ஊன்றி நிற்க ஓர் இடம் கொடுங்கள்!